டிரினிடாட் – டொபாகோ: ஒரு காலத்தில் தடை செய்ததையெல்லாம் இன்று கொண்டாடும் நாடு

டிரினிடாட் – டொபாகோ எங்கே இருக்கிறது, அதன் வரலாறும் பண்பாடும் என்ன, அங்கே பாதிப் பேர் இந்தியர்கள் என்பது உண்மையா, தமிழர்கள் யாராவது உண்டா? இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். சுருக்கிச் சொல்லும்போதுதான் இந்த நாட்டைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கடற்கரை, தென்னை, ரம் என்று சுற்றுலா விளம்பரங்கள் ஒன்றைச் சொல்கின்றன. நம் பத்திரிகைகள் 'குட்டி இந்தியா' என்று எழுதிவிட்டுப் போகின்றன. நிஜத்தில் இருக்கும் நாடு இதைவிட எவ்வளவோ சுவாரசியமானது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். டிரினிடாட், டொபாகோ என்ற இரண்டு தீவுகள் சேர்ந்த நாடு இது. கரீபியன் தீவு வரிசையின் தெற்குக் கடைக்கோடியில் இருக்கிறது டிரினிடாட். வெனிசுவேலாவுக்கும் அதற்கும் நடுவே, மிகக் குறுகலான இடத்தில், 11 கிலோமீட்டர் கடல்தான். வடக்கே வரிசையாக இருக்கும் கிரனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா எல்லாம் எரிமலை கக்கி உண்டானவை. டிரினிடாட்டோ தென்னமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த நிலம். கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது இடையிலிருந்த தாழ்நிலம் மூழ்கி, இது தனித் தீவாகிவிட்டது. வடக்கு ஓரமாக ஓடும் மலைத்தொடர் வெனிசுவேலாவின் கடலோர மலைகளின் தொடர்ச்சி. அதில் உயரமான சிகரம் 940 மீட்டர். 4,800 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள தீவில் ஊளைக் குரங்கும், ஓசலாட் காட்டுப்பூனையும், 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்களும் இருப்பதற்கு இந்தக் கண்டத் தொடர்புதான் காரணம். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குத் தெற்கே கரோனி சதுப்புநிலம் இருக்கிறது. மாலையானால் செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டங்கூட்டமாக வந்து அங்குள்ள அலையாத்தி மரங்களில் அடையும். அதுதான் டிரினிடாட்டின் தேசியப் பறவை.

தென்மேற்கில் லா பிரேயா என்ற ஊரில் ஒரு தார் ஏரி உண்டு. ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில் இயற்கையாகவே ஊறி நிற்கும் தார். பெரும்பாலான இடங்களில் மேலே நடந்தே போகலாம். வெட்டி எடுத்த பள்ளம் மெல்ல மெல்லத் தானாகவே நிரம்பிவிடும். 1595-ல் இங்கே வந்த ஆங்கிலேயக் கடலோடி வால்ட்டர் ராலே தன் கப்பல்களின் விரிசல்களை இந்தத் தாரால் அடைத்துக்கொண்டார். 1876-ல் வாஷிங்டன் நகரின் பென்சில்வேனியா அவென்யூவுக்குத் தார்ச்சாலை போட்டபோதும் இங்கிருந்துதான் தார் போனது.

தாரைப் போலவே பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன. அதனால் பக்கத்துத் தீவுகள் சுற்றுலாவை நம்பிப் பிழைக்க, டிரினிடாட் தொழிற்சாலை நாடானது. பாயின்ட் லிசாஸ் என்ற இடத்திலிருந்து அம்மோனியாவும் மெத்தனாலும் உலகெங்கும் போகின்றன. 1999-லிருந்து பாயின்ட் ஃபோர்டின் என்ற ஊரிலிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதியாகிறது. வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டம் இங்கே குறைவாக இருப்பதில் ஒரு நல்லது உண்டு என்பேன். இந்த நாட்டின் விழாக்கள் யாருக்கும் காட்டுவதற்காக நடப்பதில்லை, தங்களுக்காகவே நடத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு சாதகம், டிரினிடாட் வழக்கமான புயல் பாதைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. டொபாகோவுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. 1963-ல் ஃபிளோரா புயல் அந்தச் சிறு தீவின் தோட்டங்களையும் வீடுகளையும் துடைத்துவிட்டுப் போனது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1498 ஜூலை 31 அன்று கொலம்பஸ் இந்தத் தீவைப் பார்த்தபோது இங்கே ஏற்கெனவே மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தெற்கே பன்வாரி டிரேஸ் என்ற இடத்தில் கிடைத்த தடயங்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையானவை. அந்த ஆதிக்குடிகளின் வழிவந்தவர்கள் இன்றும் அரிமா ஊரில் தங்களுக்கென ஒரு சமூகமாக இருக்கிறார்கள். ஸ்பெயின் இந்தத் தீவைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டதே தவிர, தங்கம் இல்லாத ஊர் என்பதால் முந்நூறு ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கவில்லை.

திருப்பம் 1783-ல் வந்தது. கத்தோலிக்கராக இருந்து ஸ்பெயின் மன்னருக்கு விசுவாசம் சொல்லும் யாருக்கும் இங்கே நிலம், அழைத்துவரும் அடிமைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் நிலம் என்று ஓர் ஆணை பிறந்தது. பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். 1797-ல் மக்கள்தொகை 17,000-த்தைத் தாண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க அடிமைகள். அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை வந்தது, ஸ்பானிய ஆளுநர் சண்டையின்றிச் சரணடைந்தார். ஆள்பவர் ஆங்கிலேயர், சட்டம் ஸ்பானியச் சட்டம், தெருவில் பேசுவது பிரெஞ்சு கலந்த பட்டுவா என்று பல காலம் ஓடியது. கார்னிவல் என்ற வேடத் திருவிழா இங்கே வேரூன்றியதும் அந்தப் பிரெஞ்சுக் குடும்பங்களின் முகமூடி விருந்துகளோடுதான். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838-ல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள், விழா அவர்களுடையதாகிவிட்டது.

இந்த நாட்டைப் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொள்ளும் நூல் இங்கேதான் தொடங்குகிறது. இன்று டிரினிடாட் தன் அடையாளம் என்று பெருமையாகச் சொல்லும் பலவும் ஒரு காலத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டவை.

கான்புலே என்ற தீப்பந்த ஊர்வலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைக் காலத்தில் கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால் அக்கம்பக்கத் தோட்டங்களின் அடிமைகளையெல்லாம் நள்ளிரவில் சாட்டையால் அடித்து ஓட்டிவருவார்கள். விடுதலை அடைந்தவர்கள் அந்தக் காட்சியையே ஊர்வலமாக நடத்தினார்கள்: பந்தம், மத்தளம், சிலம்பம் போன்ற கழிச்சண்டை. 1881-ல் போலீஸ் தலைவர் கேப்டன் பேக்கர் அதை அடக்கப் போனார், பெரிய கைகலப்பானது. 1884-ல் வந்த சட்டம் பந்த ஊர்வலத்தையும் மேளத்தையும் கழிகளோடு கூட்டமாகச் சேருவதையும் தடுத்தது. தோல் மேளம் கூடாது என்றதும், ஏழைத் தெருக்களின் இளைஞர்கள் வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். டம்பூ பம்பூ என்று அதற்குப் பெயர். 1930-களில் மூங்கிலோடு பிஸ்கட் டின்னும் பெயின்ட் டப்பாவும் சேர்ந்தன. டின்னின் அடிப்பாகத்தை ஒரே இடத்தில் தட்டத் தட்ட அது குழிந்து வேறு வேறு சுரம் கொடுப்பதை யாரோ கவனித்தார்கள். ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் சண்டை வரும். ஸ்ப்ரீ சைமன், எல்லி மேனட், ஆன்டனி வில்லியம்ஸ், பெர்ட்டி மார்ஷல் என்று பலரும் அதற்கு உழைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் சாகுவாரமாஸில் அமெரிக்கக் கடற்படைத் தளம் அமைந்தது. 1942 முதல் 1945 வரை கார்னிவலுக்கே தடை. தீவெங்கும் காலி எண்ணெய்ப் பீப்பாய்கள் குவிந்தன. 55 கேலன் பீப்பாயின் மூடிப்பக்கத்தைச் சுத்தியலால் அடித்துக் கிண்ணமாகக் குழித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் எல்லை கீறி, நெருப்பில் சுட்டு, மறுபடியும் தட்டிச் சுருதி சேர்த்தால் அது ஸ்டீல்பான். உள்ளூரில் வெறும் பான். ரப்பர் முனை வைத்த குச்சியால் வாசிப்பார்கள். பாட்டின் மெட்டை வாசிக்கும் டெனர் பானுக்குக் கிண்ணத்துக்குக் கீழே கொஞ்சம் விளிம்பை மட்டும் விட்டு வெட்டுவார்கள். கனத்த கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸுக்கு முழுப் பீப்பாய் வேண்டும், அதில் சில சுரங்கள்தான் அடங்கும் என்பதால் ஆறு, ஒன்பது என்று பீப்பாய்களைச் சுற்றி அடுக்கி ஒருவரே வாசிப்பார்.

ஆரம்பத்தில் பான் வாசிப்பவன் என்றால் ரவுடி என்றே அர்த்தம். பெண் கொடுக்க மாட்டார்கள், போலீஸ் துரத்தும். குழுக்களும் தெருவில் வெட்டிக்கொண்டது உண்மை. 1951-ல் பல குழுக்களிலிருந்து வாசிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு அனுப்பினார்கள். ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்தவர்கள் ஒரே மேடையில் நின்று வாசித்துக் கேட்டவர்களை அசத்தினார்கள். 1963-லிருந்து பனோரமா என்ற போட்டி நடக்கிறது. பெரிய குழுவில் நூறு பேருக்கு மேல் ஒன்றாக வாசிப்பார்கள். 1992-ல் பான் தேசிய வாத்தியமானது. ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் நாளாக ஐ.நா. 2023-ல் அறிவித்தது. 2025-ல் நாட்டின் சின்னத்திலிருந்து கொலம்பஸின் 3 கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பானை வைக்கச் சட்டம் நிறைவேறியது. போலீஸ் பிடுங்கிப் போட்ட டின் டப்பாவிலிருந்து அரசுச் சின்னம் வரை ஒரு வாத்தியம் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இனி இந்தியர்கள். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான ஆள் தேவைப்பட்டது. 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சுமார் 225 பேரோடு வந்து சேர்ந்தது. 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. திரும்பிப் போகும் கப்பல் செலவுக்குப் பதிலாக நிலம் என்ற திட்டமும் ஒரு கட்டத்தில் வந்தது. முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய வம்சாவளியினர் 35.4 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34.2 சதவீதம், கலப்பினத்தவர் 22.8 சதவீதம். அப்போது மொத்தம் ஏறத்தாழ 13 லட்சம் பேர். ஆக, 'பாதி இந்தியர்' என்பது மிகை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்பதே சரி.

தடை இவர்களையும் விடவில்லை. மொகரத்தின்போது மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் கல்லறை வடிவங்கள் செய்து, தாசா மேளம் முழங்க ஊர்வலம் போவது ஹோசே. முஸ்லிம்களோடு இந்துக்களும் சேர்ந்தே நடத்துவார்கள். 1884-ல் ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்றது அரசு. அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோ நகர எல்லையில் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். இன்றும் தலைநகரின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஹோசே நடக்கிறது. எல்லா இனத்தவரும் தெருவில் நின்று பார்க்கிறார்கள். இந்து முறைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியாக 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகள்.

வாட்டர்லூ கடற்கரைக் கோயிலின் கதையும் இதே வகைதான். ஷிவ்தாஸ் சாது என்ற தோட்டத் தொழிலாளி 1947-ல் கடலோரத்தில் ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. 1952-ல் கோயிலை இடித்தார்கள், அவருக்குச் சிறையும் அபராதமும் கிடைத்தன. நிலத்தில்தானே கட்டக்கூடாது, கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று முடிவெடுத்தார். சைக்கிளில் கல்லும் சிமென்ட்டும் சுமந்துபோய், கடலுக்குள் கொட்டித் திட்டு எழுப்பி, தன்னந்தனியாக ஆண்டுக்கணக்கில் உழைத்து மறுபடியும் கோயில் கட்டினார். இந்தியர் வருகையின் 150-ஆம் ஆண்டான 1995-ல் அரசே அதைப் புதுப்பித்துக் கட்டியது.

ஆப்பிரிக்க மரபு கலந்த கிறிஸ்தவப் பிரிவான ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்டுகளுக்கும் இதே கதிதான். மணியடித்துப் பாடி வழிபட்டதற்காக 1917 முதல் 1951 வரை அவர்களுக்குச் சட்டப்படித் தடை இருந்தது. தடை நீங்கிய மார்ச் 30 இப்போது அரசு விடுமுறை. தீபாவளிக்கு 1966-லிருந்து விடுமுறை. ரம்ஜானுக்கு உண்டு. இந்தியர் வந்திறங்கிய மே 30-க்கும் ஆகஸ்ட் 1 அடிமை விடுதலை நாளுக்கும் உண்டு.

தமிழர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இன்றைய கிழக்கு உத்தரப் பிரதேசம், பிகார் பகுதிகளைச் சேர்ந்த போஜ்புரிக்காரர்கள். மதராஸ் துறைமுகம் வழியாக வந்தவர்கள் சிறுபான்மை. அதில் தமிழரும் தெலுங்கரும் இருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து மதராசி என்ற ஒரே பெயர். தமிழ் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. போஜ்புரியே இன்று முதியவர்களிடம்தான் மிச்சம். மதராசிகள் விட்டுச்சென்றது வழிபாட்டில் இருக்கிறது. காளி கோயில்களில் வேப்பிலையும் மஞ்சள் நீரும் உண்டு, தப்பு என்று இன்றும் அதே பெயரில் அழைக்கும் பறை உண்டு, மாரியம்மன் உண்டு, சாமியாடிக் குறி சொல்வதும் உண்டு. வடஇந்தியப் புரோகித முறை மேலோங்கிய பிறகு, உயிர்ப்பலி கொடுக்கும் இந்தக் கோயில்களைச் சக இந்துக்களே தாழ்வாகப் பார்த்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டு அவை நிற்கின்றன. வீராசாமி, ராம்சாமி போன்ற குடும்பப் பெயர்களை இப்போதும் கேட்கலாம். செயின்ட் ஜேம்ஸில் மதராஸ் தெரு என்று ஒரு தெரு உண்டு. நாவலாசிரியர் சாம் செல்வன் 1923-ல் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர், அவருடைய தந்தை மதராஸைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர். லண்டனில் குடியேறிய கரீபியர்களின் வாழ்க்கையை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதி, ஆங்கில நாவலுக்கு ஒரு புதுக் குரல் கொடுத்தார். இதே நாட்டில் பிறந்து நோபல் வாங்கிய எழுத்தாளர் நைபாலைத் தெரிந்த நம்மவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருப்பது வருத்தம்தான்.

இவை எல்லாம் தனித்தனிப் பெட்டிகளில் இல்லை என்பதற்கு ஓர் இடம் சொல்கிறேன். தெற்கே சிபாரியா ஊரின் கத்தோலிக்க ஆலயத்தில் கருநிற மாதா சிலை ஒன்று இருக்கிறது. புனித வியாழன் மாலையிலிருந்து பெரிய வெள்ளி வரை இந்துக்கள் ஆயிரக்கணக்கில் வந்து அவளை சிபாரி மாய் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் அரிசியும் படைத்து, குழந்தைகளுக்கு முதல் முடி இறக்குகிறார்கள். நூறாண்டுக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது.

சாப்பாட்டிலும் இதே கலப்புதான். காலையில் வேலைக்குப் போகும் எல்லோரும் தெருவோர வண்டியில் நின்று சாப்பிடுவது டபுள்ஸ்: மஞ்சள் சேர்த்த மாவில் பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா ரொட்டிகள், நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே மிளகாய்ச் சாறு. 1930-களில் பிரின்சஸ் டவுனில் ஓர் இந்தியக் குடும்பம் தொடங்கி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் சேப்பங்கீரையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கடைந்த கல்லாலு. இதன் மூலம் ஆப்பிரிக்கா. இசையில் 1970-களில் லார்ட் ஷார்ட்டி, கலிப்ஸோ என்ற உள்ளூர்ப் பாட்டு வகையோடு இந்தியத் தாளத்தைச் சேர்த்து சோகா என்ற புது இசையை உருவாக்கினார். சுந்தர் போப்போ திருமண வீட்டுப் பாடல்களிலிருந்து சட்னி இசையை மேடைக்குக் கொண்டுவந்தார்.

கிரிக்கெட்டை விட்டுவிட முடியாது. லாரா இந்த மண்ணின் மகன். இந்தியா வெஸ்ட் இண்டீஸை முதன்முதலாக டெஸ்டில் வென்றது 1971-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில்தான். சென்னை ரசிகர்களுக்கு டுவைன் பிராவோவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அரசியலில்தான் இந்தக் கலப்பு தடுமாறுகிறது. 1962 ஆகஸ்ட் 31-ல் விடுதலை, 1976-ல் குடியரசு. முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் ஒரு வரலாற்றாசிரியர்; அடிமை வியாபாரத்தின் லாபத்துக்கும் பிரிட்டனின் தொழில் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை எழுதியவர். ஆனால் அவர் காலத்திலிருந்தே கட்சிகள் இனவழியாகப் பிரிந்துவிட்டன: வில்லியம்ஸின் கட்சியான பி.என்.எம். பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள் பக்கம், எதிரணி இந்தியர்கள் பக்கம். 1995-ல்தான் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பாஸ்தியோ பாண்டே பிரதமரானார். கமலா பெர்சாத் பிஸ்ஸேசர் 2010-ல் முதல் பெண் பிரதமர், 2025-ல் மறுபடியும் பதவிக்கு வந்தார். அரசு வேலை, நிலம், உதவித்தொகை என்று எது வந்தாலும் யாருக்குக் கிடைத்தது என்ற சந்தேகம் கூடவே வருகிறது. பொருளாதாரமும் தளர்ந்திருக்கிறது. அரசுக் கரும்பு நிறுவனம் 2003-ல் மூடப்பட்டது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2018-ல் மூடப்பட்டது, எரிவாயு உற்பத்தி குறைந்துவருகிறது. கும்பல் கொலைகள் பெருகி 2024 டிசம்பர் கடைசியில் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. அழகான பக்கத்தை மட்டும் சொன்னால் அங்கே வாழ்பவர்களுக்கு நியாயம் செய்ததாகாது.

டொபாகோவுக்குத் தனி குணம் உண்டு. 300 சதுர கிலோமீட்டர், மக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். பல ஐரோப்பிய நாடுகள் மாற்றி மாற்றிப் பிடித்த தீவு. இன்றைய லாட்வியாவில் இருந்த கூர்லாந்து என்ற குட்டி நாடுகூட இங்கே குடியேற்றம் வைத்திருந்தது. சர்க்கரை வியாபாரம் நொடித்த பிறகு 1889-ல் பிரிட்டன் இதை டிரினிடாட்டோடு ஒட்டவைத்தது. அந்த மனத்தாங்கல் இன்னும் ஓயவில்லை, 1980-லிருந்து டொபாகோவுக்கென்று தனி நிர்வாகச் சபை இருக்கிறது. இந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்தது நடுமலைக் காடு. மரத்தை வெட்டினால் மழை குறையும் என்ற வாதத்தை ஏற்று, 1776-லேயே சட்டம் போட்டுக் காத்தார்கள். மேற்கு அரைக்கோளத்தில் சட்டத்தால் காக்கப்பட்ட மிகப் பழைய காடு இது.

போய்ப் பார்க்க நினைத்தால், கார்னிவல் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். தங்குமிடத்தைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். ஊர்வலத்தைவிட, அதற்கு முந்தைய வாரங்களில் பான் குழுக்களின் பயிற்சி முற்றங்களான பான்யார்டுகளில் இரவுதோறும் நடக்கும் ஒத்திகையைக் கேட்பதுதான் என் தேர்வு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வடகரையில் கிராண்ட் ரிவியேர் போன்ற இடங்களில் பேராமைகள் முட்டையிட வரும். தீபாவளி சமயமென்றால் சகுவானாஸ் ஊரில் திவாலி நகர் என்ற தீபாவளி விழாத் திடலும், பக்கத்தில் ஃபெலிசிட்டி கிராமத்தில் மூங்கில் வளைவுகளில் ஏற்றும் விளக்கு வரிசைகளும் உண்டு. காளி கோயிலுக்குப் போவதானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். வாராந்திரப் பூசை பெரும்பாலும் அன்றுதான்.